ஐஸ் வைக்கிறதா, சூடு பிடிக்கிறதா? – வாசகர் கேள்வி பதில்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒத்தடம் பற்றியவை. ஏன் என்று எனக்குத் தெரியும். வெளிநாட்டில் இருக்கிற பிள்ளைகள் பார்சலில் சொக்லட்டோடு சேர்த்து ஒரு சூட்டுப் பையையும் போட்டு அனுப்பத் தொடங்கிவிட்டார்கள். அதன் பெட்டியில் எழுதியிருக்கிறது ஒருவருக்கும் விளங்குவதில்லை. களுவாஞ்சிகுடிச் சந்தையில் மரக்கறி வாங்க நின்றாலும் "மிஸ், இது எதுக்கு?" என்று உமலுக்குள் இருந்து எடுத்துக் காட்டுகிறார்கள். அரச வைத்தியசாலைகளில் 31 வருடம் இயன் மருத்துவராக (பிசியோதெரபிஸ்ட்) வேலை செய்துவிட்டு ஓய்வு எடுத்தவளுக்கு இது ஒன்றும் தொல்லையில்லை. வெண்டிக்காயை மட்டும் மறந்துவிட்டு வீட்டுக்கு வந்துவிடுகிறேன்.

மிஸ், நான் வடமோடிக் கூத்து ஆடுறன். அரங்கேற்றத்துக்கு இன்னும் ஆறு கிழமைதான் கிடக்கு. மூணு நாளைக்கு முதல் களரியில கிறுகி ஆடக்குள்ள வலது கணுக்கால் பிரண்டு போச்சு. அண்டைக்கு ராவே அம்மா நல்லெண்ணெய் பூசி, உப்பை வறுத்துத் துணியில கட்டி, சுடச்சுட ஒத்தடம் தந்தா. விடியக்குள்ள கால் பனங்காய் மாதிரி. புட்போல் அடிக்கிற கூட்டாளி ஐஸ்தான் வைக்கோணும் எண்டு சொல்றான். அம்மா அவனோட கதைக்கிறதில்ல. ஆர் சொல்றது சரி?
– இளைஞர், கன்னங்குடா

தம்பி, இந்தக் காலுக்கு உங்கள் கூட்டாளி சொன்னது சரி. ஆனால் அம்மாவின் உப்பு ஒத்தடத்தைப் பழுது சொல்ல நான் வரமாட்டேன். அது வேறு நோவுக்கு உரியது. ஆளை மாற்றி வைத்துவிட்டா, அவ்வளவுதான்.

மூட்டு பிரண்ட உடனே உள்ளே என்ன நடக்கிறது என்று சொல்கிறேன். எலும்புகளைப் பிணைக்கிற வெளிப்பக்கத்து நார் இழுபட்டு, அதோடு சின்னச் சின்ன இரத்தக் குழாய்களும் கிழிகின்றன. இரத்தமும் நீரும் கசிந்து அந்த இடத்தில் தேங்குகின்றன. அந்த நேரத்தில் சூடு வைத்தால் குழாய்கள் விரியும், கசிவு கூடும். அதுதான் உங்கள் பனங்காய். குளிர் வைத்தால் குழாய்கள் சுருங்கும், நோவைக் கொண்டு போகிற நரம்பும் மந்தமாகும்.

எந்தப் பையைக் கையில் எடுக்க முதலும் ஒரு வேலை செய்யுங்கள். உங்கள் புறங்கையை நோகிற இடத்தில் வையுங்கள். பிறகு மற்றக் காலில் அதே இடத்தில் வையுங்கள். உள்ளங்கை வேண்டாம். வயலிலும் கூத்திலும் காய்த்துப்போன உள்ளங்கைக்குச் சூடு குளிர் நுட்பமாகத் தெரியாது. நோகிற பக்கம் மற்றப் பக்கத்தை விடச் சுட்டால் அங்கே ஏற்கெனவே அடுப்பு எரிகிறது என்று அர்த்தம். அதற்கு மேல் நீங்கள் விறகு வைக்கக் கூடாது.

செய்ய வேண்டியது இது. ஐஸைத் தட்டி உடைத்து ஒரு பொலித்தீன் பைக்குள் கொஞ்சம் தண்ணியும் விட்டுக் கட்டுங்கள். தண்ணி இருந்தால்தான் பை கணுக்காலின் வளைவோடு ஒட்டிக் கிடக்கும். வெறும் கட்டி என்றால் மேட்டில் மட்டும் குத்தும். கால் மேல் மெல்லிய ஈரத் துணி, அதற்கு மேல் பை. 10 முதல் 15 நிமிடம் போதும். முதலில் குளிரும், பிறகு எரியும், பிறகு உளையும், கடைசியில் மரத்துப்போகும். மரத்ததும் எடுத்துவிடுங்கள். இரண்டு மூன்று மணித்தியாலத்துக்கு ஒரு தடவை. காலைத் தலையணைகள் மேல், நெஞ்சு மட்டத்துக்கு உயரமாகப் போடுங்கள். கதிரையில் இருந்துகொண்டு காலைத் தொங்கப்போட்டு ஐஸ் வைப்பது அரை வேலை.

இப்போது உங்கள் கூட்டாளிக்கும் ஒரு செய்தி. காயத்துக்கு ஓய்வும் ஐஸும் என்ற வாய்ப்பாட்டை 1978இல் உலகம் முழுக்கப் பரப்பியவர் கேப் மெர்கின் என்ற அமெரிக்க விளையாட்டு மருத்துவர். அதே மனிசன் 2014இல், ஐஸ் குணமாவதைத் தாமதப்படுத்தக் கூடும் என்று தன் சொல்லைத் தானே திருத்தினார். வீக்கம் என்பது உடம்பு தன்னைத் திருத்த அனுப்புகிற ஆட்களும் சாமானும். எல்லாவற்றையும் வாசலில் மறித்தால் வேலை நடக்காது. ஆகவே ஐஸ் நோவுக்குத்தான், அதுவும் முதல் சில நாளைக்குத்தான். ஒரு கிழமை ஐஸோடு படுத்துக் கிடந்தால் கால் விறைத்துப் போகும்.

உங்களுக்கு நாள் மூன்று கடந்துவிட்டது. நோவு இருந்தால் இன்றைக்கும் நாளைக்கும் ஐஸ் வையுங்கள், அதோடு காலை அசைக்கத் தொடங்குங்கள். படுத்தபடி பெருவிரலால் காற்றில் எழுத்து எழுதுங்கள். ஆங்கில எழுத்தை எழுதச் சொல்லித்தான் எங்களுக்குப் படிப்பித்தார்கள். நான் என் நோயாளிகளுக்கு 'அ'னா, 'ஆ'வன்னாதான் கொடுப்பேன். எங்கள் 'இ'னாவை எழுதி முடிக்கக் கணுக்கால் போகாத திசை இல்லை. வீக்கம் வற்றி, புறங்கைக்குச் சூடு தெரியாமல் போனபின், காலையில் விறைப்பு இருந்தால் அம்மாவின் உப்பு ஒத்தடத்தை அப்போது கேட்டு வாங்குங்கள். அவவுக்கும் மனம் ஆறும்.

ஒன்று முக்கியம். கணுக்காலின் இரண்டு பக்கமும் புடைத்திருக்கிற எலும்பு மொழியின் பின்விளிம்பை விரலால் அழுத்த உயிர் போகிற நோவென்றால், அல்லது அந்தக் காலை ஊன்றி நாலு அடி வைக்க ஏலாதென்றால், இதை வாசிப்பதை நிறுத்திவிட்டு எக்ஸ்ரே எடுக்கப் போங்கள். அரங்கேற்றத்தைப் பற்றி: ஒற்றைக் காலில் நின்று பல் விளக்கி முடிக்க முடிகிற அன்றைக்கு மெதுவாக நாலடி ஆடிப் பாருங்கள். குத்துமிதி அதற்கும் ஒரு கிழமைக்குப் பிறகு. அண்ணாவியார் ஏசினால் என் பேரைச் சொல்லுங்கள்.

மகள், எனக்கு 64 வயது. சீனி வருத்தம் 15 வருசமா இருக்கு. மாரியில யானைக் காவலுக்கு வாடியில படுக்கிறதால ராவையில ரெண்டு காலும் குளிர்ந்து, எறும்பு ஊர்ற மாதிரி இருக்கும். கட்டார்ல இருக்கிற மகன் கரண்டில வேலை செய்யிற சூட்டுப் பை ஒண்டு அனுப்பியிருக்கான். வீட்டில படுக்கக்குள்ள பாதத்துக்குக் கீழ வைக்கலாமா?
– விவசாயி, வெல்லாவெளி

வைக்க வேண்டாம், ஐயா. பாதத்துக்கு ஒருநாளும் வேண்டாம்.

இதை நான் படித்துத் தெரிந்துகொண்டிருக்க வேண்டும். படித்தும் இருந்தேன். வேலைக்குச் சேர்ந்து ஒன்பதாவது வருடம், மார்கழி மழை. அம்மா "கால் குளிருது மகள்" என்றா. அவவுக்கும் உங்களைப் போலவே நெடுநாள் சீனி. நான்தான் என் கையால் கேத்தல் தண்ணியைச் சுடுதண்ணிப் பைக்குள் ஊற்றி, ஒரு துவாயைச் சுற்றி, அவவின் பாதத்துக்குக் கீழே வைத்தேன். "எப்படி அம்மா?" என்றேன். "நல்லா இருக்கு" என்றா. பகல் முழுக்க மற்றவர்களின் நோவைப் பார்த்த அலுப்பு, நான் போய்ப் படுத்துவிட்டேன். விடியப் பார்த்தால் படுக்கை விரிப்பில் கால்மாட்டில் ஈரம். பை ஒழுகிவிட்டது என்று நினைத்துப் பையைத் தூக்கிப் பிழிந்து பார்த்தேன். பை காய்ந்துதான் கிடந்தது. ஈரம் அம்மாவின் குதிக்காலில் இருந்து வந்தது. கோழிமுட்டை அளவு கொப்புளம் எழும்பி, அவ தூங்கிக்கொண்டிருக்கும்போதே உடைந்திருந்தது. அவவுக்கு ஒன்றும் தெரியவில்லை. அந்தப் புண் ஆற நாலு மாதம் எடுத்தது. அதுவரை ஒவ்வொரு நாளும் நானே மருந்து கட்டினேன். அவ ஒருநாளும் என்னைக் குறை சொல்லவில்லை. அதுதான் பெரிய தண்டனை.

எறும்பு ஊர்கிற மாதிரி என்று எழுதியிருக்கிறீர்களே, அது குளிரால் வருகிறதில்லை. நீண்ட நாள் சீனி பாதத்து நரம்பைத் தின்னத் தொடங்கியிருக்கிறது. அந்த நரம்புதான் "சுடுகிறது, எடு" என்று சொல்ல வேண்டியது. சொல்கிற ஆளே இல்லாத வீட்டில் நெருப்பு வைக்கலாமா? தோல் வேக நெருப்பே தேவையில்லை. 60 பாகை செல்சியஸ் சூடு பட்டால் ஏறக்குறைய 5 செக்கன் போதும். 44 பாகை, அதாவது கைக்கு இதமாக இருக்கிற சூடு, ஆறு மணித்தியாலம் ஒரே இடத்தில் கிடந்தால் அதுவும் வேகவைக்கும். ஒரு இரவு நித்திரை அவ்வளவு நேரம்தானே.

ஐஸும் அப்படித்தான். உணர்ச்சி குறைந்த பாதத்துக்கு அதுவும் வேண்டாம்.

வாடிக்குப் போகும்போது இரண்டு சோடி பருத்திச் சொக்ஸ், இறுக்கமில்லாதது, போட்டுக்கொள்ளுங்கள். தீனா மூட்டினாலும் காலை நீட்டிக்கொண்டு கிட்ட இருக்க வேண்டாம். அடுத்த கிளினிக்குக்குப் போகும்போது பாதத்தைச் சோதிக்கச் சொல்லிக் கேளுங்கள். நைலோன் தங்கூசி மாதிரி ஒரு நூலால் பாதத்தில் பத்து இடத்தில் தொட்டுப் பார்ப்பார்கள். 10 கிராம் அழுத்தத்தில் வளைகிற நூல் அது. கண்ணை மூடிக்கொண்டு, தொடும்போது "ஓம்" என்று நீங்கள் சொல்ல வேண்டும். இரண்டு நிமிட வேலை.

மகன் அனுப்பியதை வீசவும் வேண்டாம். நாரிப்பிடிப்புக்கு, நாரித் தோலில் உணர்ச்சி சரியாக இருந்தால், விழித்திருக்கும்போது 15 நிமிடம் வைக்கலாம். மேலே வைக்க வேண்டும், அதன் மேல் படுக்கக் கூடாது. உடம்பின் பாரம் ஏறினால் சூடு வெளியே போக வழியில்லாமல் உள்ளுக்கே ஏறும்.

நான் கைத்தறி நெய்கிறேன். பிடரியும் தோள்மூட்டும் கல்லுப் போல் இறுகிவிடும். லண்டனில் இருக்கும் சாச்சி இரண்டு பை தந்துவிட்டுப் போனா. ஒன்று நீல நிற ஜெல் பை. மற்றது உள்ளே ஒரு சின்ன உலோகத் தகடு மிதக்கும் பை. தகட்டை அமத்தினதும் பை வெள்ளையாக உறைந்து தானாகவே சுட்டது. என் உம்மா பயந்துபோய் அதை முற்றத்தில் எறிந்துவிட்டா. இதில் ஏதும் ஆபத்து உண்டா? எங்கள் வீட்டில் மைக்ரோவேவ் இல்லை.
– நெசவாளர், மருதமுனை

உம்மாவிடம் சொல்லுங்கள், அதற்குள் ஜின் இல்லை. இருப்பது சோடியம் அசற்றேற்று என்ற உப்பும் தண்ணியும். இந்த உப்பு 58 பாகையில் உருகும். ஆனால் ஆறும்போது திரும்ப உறைய மறந்து, திரவமாகவே கிடக்கும். தகட்டை அமத்தினால் அந்த இடத்தில் முதல் பளிங்கு உண்டாகும். அதைப் பார்த்து மற்றதெல்லாம் வரிசையில் வந்து நிற்கும். உருக்கும்போது வாங்கிய சூட்டை உறையும்போது திருப்பித் தருகிறது. 54 பாகை மட்டில் போய் நிற்கும், அதற்கு மேல் ஏறாது. கரண்ட் போனாலும் வேலை செய்கிற சாமான் இது. நான் கண்ட பைகளுக்குள் எனக்குப் பிடித்தது.

திரும்பப் பாவிக்க, கொதிக்கிற தண்ணிக்குள் போட்டு ஒரு துளி வெள்ளைகூட இல்லாமல் தெளியும்வரை வைக்க வேண்டும். ஒரு சின்னப் பளிங்கு மிஞ்சினாலும் ஆறும்போது தானாக உறைந்துவிடும். பானையின் அடியில் ஒரு பழந்துணி விரியுங்கள். நான் முதல் தடவை துணி போடவில்லை. பை அடியில் ஒட்டி உருகி, என் நல்ல அலுமினியச் சட்டி ஒரு மாதம் புளிச்ச வாடை அடித்தது.

நீல ஜெல் பையைக் கொதிக்க வைக்க வேண்டாம். அடுப்பை நிறுத்திவிட்டு, சுடுதண்ணிக்குள் ஏழெட்டு நிமிடம் போட்டால் போதும். எந்தப் பையானாலும் தோலில் நேரே வைக்காமல் மடித்த துவாயின் மேல், 15 முதல் 20 நிமிடம். இறுகிய தசைக்குச் சூடு நல்லது. இரத்தம் ஓடும், தசை இளகும்.

இனி நான் சொல்லப்போவது உங்களுக்குப் பிடிக்காது. சூடு வைத்துவிட்டு அதே பலகையில் அதே கூனலோடு ஐந்து மணித்தியாலம் இருந்தால், பை சுமந்துகொண்டு திரும்ப வருவீர்கள். சூடு தருவது இளகிய ஒரு அரை மணித்தியாலம். அதற்குள் தோளை உயர்த்தி இறக்குங்கள், நாடியை உள்ளுக்கு இழுத்துப் பிடரியை நீட்டுங்கள், சுவர் மூலையில் இரண்டு கையையும் ஊன்றி நெஞ்சை விரியுங்கள். நூல் அறுந்து முடிச்சுப் போட எழும்புகிற ஒவ்வொரு தடவையும் செய்தால் தனி நேரம் ஒதுக்கத் தேவையில்லை. இருக்கிற பலகையை இரண்டு அங்குலம் உயர்த்தியும் பாருங்கள். என்னிடம் வந்த நெசவாளர் பலருக்குப் பையை விடப் பலகைதான் உதவியது.

ஒரே இடத்தில் மாதக் கணக்காகச் சூடு வைத்தால் தோலில் மீன்வலை போலக் கபில நிறக் கோடுகள் விழும். நோகாது. ஆனால் கண்டால் நிறுத்திவிட வேண்டும்.

எனக்கு 18 வயது. மாதவிடாய் நாளில் அடிவயிற்று நோவால் ரியூசனுக்குப் போக முடிவதில்லை. சூடு வைத்தால் இரத்தம் கூடப் போகும் என்று அம்மம்மா விடுகிறா இல்லை.
– உயர்தர மாணவி, அக்கரைப்பற்று

பிள்ளை, தாராளமாக வையுங்கள். அடிவயிற்றில், உடுப்பின் மேலாக, இதமான சூடு. நோவு கருப்பைத் தசை இறுகுவதால் வருகிறது. மேலிருந்து வைக்கிற சூடு அதை இளக்குமே தவிர இரத்தப்போக்கைத் திறந்துவிடாது. 2001இல் வெளியான ஓர் ஆய்வில் 39 பாகை மட்டில் சூடு தரும் ஒட்டுப் பட்டி, 400 மில்லிகிராம் இபுப்ரோஃபன் குளிசைக்கு ஈடாக நோவைக் குறைத்தது. அம்மம்மாவுக்கு இதை வாசித்துக் காட்டுங்கள். அவவுடைய நாரிக்கும் அதே பையை ஒருக்கால் வைத்துவிட்டால் அடுத்த மாதம் அவவே கேத்தலை வைப்பா. சூட்டுக்கும் அடங்காமல் ஒவ்வொரு மாதமும் பள்ளிக்கூடம் தவறினால் அது பொறுத்துக்கொள்ள வேண்டிய நோவில்லை, பெண்நோயியல் வைத்தியரிடம் காட்டுங்கள்.

வீச்சு வலை எறிஞ்சு எறிஞ்சு வலது தோள் நோ. கடைக்காரன் டீப் பிரீசருக்குள்ள வச்சிருந்த ஜெல் பையை வாங்கி மேல்கழண்டு அப்பிடியே வச்சிட்டுப் படுத்திட்டன். தோல் வெள்ளையாகி, பிறகு சிவந்து இப்ப உரியுது. ஐஸ் வச்சா இப்பிடி வராதே?
– மீனவர், வாழைச்சேனை

அண்ணன், மீன் பெட்டிக்குள் கிடக்கிற ஐஸ் உருகிக்கொண்டிருக்கிற ஐஸ். அது பூச்சியப் பாகைக்குக் கீழே போகாது. டீப் பிரீசருக்குள் கிடந்த ஜெல் பை பூச்சியத்துக்குக் கீழே 18 பாகை. உறையாமல் வளைந்து கொடுப்பதால் மெதுவானது என்று கை ஏமாறும். உங்கள் தோல் குளிரில் வெந்திருக்கிறது. உரிகிற இடத்தைச் சுத்தமாக வையுங்கள், கொப்புளம் இருந்தால் உடைக்காமல் வைத்தியசாலையில் காட்டுங்கள்.

இனிமேல் ரெஜிபோம் பெட்டியில் இருந்து ஒரு கை ஐஸ், பொலித்தீன், ஈரத் துணி. 10 நிமிடம். படுக்கக் கூடாது. முழங்கையின் உட்பக்க மேடும் முழங்காலின் வெளிப்பக்கமும் நரம்பு தோலுக்குக் கிட்ட ஓடுகிற இடங்கள், அங்கே நேரே வைக்காதீர்கள். கையைத் தலைக்கு மேல் தூக்கவே ஏலாமல் இருந்தால் அது ஐஸ் வைத்துத் தீர்கிற காரியமில்லை.

முழங்கால் தேய்வு. சித்தாலேப பூசி, அதன் மேல் சுடுதண்ணிப் பை வைத்தால் இரட்டிப்புப் பலன் என்று பக்கத்து வீட்டில் சொல்கிறார்கள். உண்மையா? நல்ல பையொன்றின் பெயரும் சொல்லுங்கள்.
– ஓய்வுபெற்ற ஆசிரியை, காரைதீவு

ரீச்சர், இரட்டிப்பது எரிவுதான். நோவுத் தைலம் எதுவானாலும் தோலைக் கிளறி இரத்தத்தை மேலே இழுக்கிறது. அதன் மேல் சூடு வைத்தால் மருந்தும் கூடுதலாக உள்ளே போகும், தோலும் வேகும். இரண்டில் ஒன்று. தைலம் என்றால் பை வேண்டாம். பை என்றால் முதலில் சோப் போட்டுக் கழுவுங்கள்.

காலையில் எழும்பும்போது முழங்கால் விறைத்திருந்தால் சூடு. கோயிலுக்கு நடந்து வந்து பின்னேரம் வீங்கிப் புறங்கைக்குச் சுட்டால் அன்றைக்குக் குளிர். ஒரே முழங்கால் ஒரே நாளில் இரண்டையும் கேட்கும், குழம்ப வேண்டாம். காய்ச்சலோடு சிவந்து வீங்கினால் இரண்டும் இல்லை, நேரே வைத்தியசாலைதான்.

பெயர் சொல்லமாட்டேன், ஆனால் றப்பர் பை வாங்கும்போது எதைப் பார்ப்பது என்று சொல்கிறேன். மூடி இறுகுகிறதா, மடித்துப் பார்த்தால் வெடிப்புத் தெரிகிறதா என்று பாருங்கள். கொதித்த தண்ணியை உடனே ஊற்றாமல் கொஞ்சம் ஆறவிட்டு, மூன்றில் இரண்டு பங்கு மட்டும் நிரப்பி, காற்றை அமத்தி வெளியேற்றிவிட்டு மூடுங்கள். பிரித்தானியாவில் இருந்து வருகிற பைகளில் கழுத்துக்குக் கிட்ட ஒரு சின்னப் பூ அச்சடித்திருக்கும். அலங்காரம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். நடுவில் இருப்பது செய்த வருடம், பன்னிரண்டு இதழும் பன்னிரண்டு மாதம், இதழுக்குள் இருக்கிற புள்ளிகள் கிழமைகள். இரண்டு வருடத்துக்கு மேல் பாவிக்க வேண்டாம் என்பார்கள், றப்பர் இற்றுவிடும். உங்கள் கடிதத்துக்குப் பதில் எழுத இருந்தபோது என் அலுமாரியில் கிடந்ததை எடுத்துக் கண்ணாடி போட்டுப் பார்த்தேன். நடுவில் 13 என்று இருக்கிறது. போன கிழமையும் நாரிக்கு அதைத்தான் வைத்தேன்.